மரண பயத்தை எப்படி எதிர்கொண்டார் சிபில் கார்த்திகேசு? பப்பான் ஊர் 'மிஸ்ஸி'யின் கதை

2016 செப்டம்பர் 3. அன்றைக்கு மலேசியாவில் கூகள் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் ஓவியம் காத்திருந்தது. பலருக்கு அந்த முகம் புதிது. பெயரைப் பார்த்ததும் இன்னும் குழப்பம். சிபில் என்பது ஆங்கிலப் பெயர் மாதிரி இருக்கு, கார்த்திகேசு நம்ம ஊர்ப் பெயர் ஆச்சே?

அன்று அவருடைய 117ஆவது பிறந்தநாள்.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். நம் தாத்தா பாட்டிகள் அதை 'ஜப்பான்காரன் காலம்' என்பார்கள். மரவள்ளிக்கிழங்கு, பஞ்சம், சயாம் ரயில்பாதை என்று அவர்கள் சொன்ன கதைகள் கொஞ்சம் நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பேராக்கின் ஒரு சின்ன ஊரில் மருந்துப் பெட்டியையும் ஒரு வானொலியையும் வைத்துக்கொண்டு ஒரு தாதி செய்த வேலை, இந்த நாட்டின் வரலாற்றில் தனி இடம் பிடித்திருக்கிறது.

அவரைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்வது ஒன்றுதான்: அவருக்கு மரண பயமே கிடையாது. உண்மையிலேயே அப்படியா? அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் பதில் வேறு மாதிரி இருக்கிறது. அது நமக்கும் பயன்படக்கூடிய பதில்.

யார் இந்த சிபில்?

1899 செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். அதனால்தான் அவருடைய முழுப்பெயர் சிபில் மேடான் டேலி. அப்பா ஜோசஃப் டேலி, அயர்லாந்து வேர் கொண்ட யுரேசியர், தோட்டத் தொழிலில் இருந்தவர். அம்மா பியாட்ரிஸ், பிரெஞ்சு வேர் கொண்ட யுரேசியர், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பிள்ளைகளில் ஐந்தாவது சிபில். வீட்டுக்கு ஒரே பெண்.

சிபிலும் தாதியாக, மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்றார். கேண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். பிறகு அவருடைய உயிரோடும் பலருடைய உயிரோடும் விளையாடப்போகும் திறன் அது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். சிபிலுக்கு நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுத்து உடுத்தும் சட்டை இல்லை. காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை கூடவே இருந்த ஒன்று.

1919 ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த தமிழர், மருத்துவர். இயற்பெயர் ஆறுமுகம், தகப்பனார் பெயர் கணபதிப்பிள்ளை. திருமணத்துக்காகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, ஆப்டன் கிளமென்ட் கார்த்திகேசு ஆனார். நம்ம ஊர்ப் பெயர் சிபிலுக்கு வந்தது இப்படித்தான்.

மரணம் அவருக்குப் புதிதில்லை

போர் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே சிபில் மரணத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டார்.

அவருடைய அண்ணன் மைக்கல், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து 1915இல் துருக்கியின் கலிப்போலியில் உயிரிழந்தார். சிபிலுக்கு அப்போது 15 வயது.

திருமணமான அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அண்ணன் நினைவாக மைக்கல் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை ஒரு நாள்கூட முழுதாக உயிரோடு இருக்கவில்லை. 19 மணி நேரம் மட்டுமே.

20 வயதைத் தொடுவதற்குச் சில நாள்களே இருந்த ஒரு தாய். ஊராரின் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவரும் தொழில். சொந்தப் பிள்ளை கையில் தங்கவில்லை.

அந்தத் துக்கத்திலிருந்து மீள அவருடைய அம்மா ஒரு வழி காட்டினார். தாமே பிரசவம் பார்த்த ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்கச் சொன்னார். அந்தக் குழந்தைதான் வில்லியம். பிறகு 1921இல் மகள் ஓல்கா பிறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 1936 செப்டம்பரில் கடைக்குட்டி டான்.

1926 முதல் ஈப்போவில், அப்போது புரூஸ்டர் சாலை என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், கணவனும் மனைவியும் சேர்ந்து கிளினிக் நடத்தினார்கள். மரணமும் பிறப்பும் தினசரி வேலையின் பகுதி. ஒரு தாதி சாவைப் பார்த்துப் பழகியிருப்பார் என்று நாம் நினைக்கலாம். ஆனா, அடுத்தவர் சாவுக்குப் பழகுவது வேறு, தன் கழுத்தில் கத்தி வைக்கப்படும்போது நிற்பது வேறு.

ஈப்போவிலிருந்து பப்பானுக்கு

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. அதே மாதத்தில் ஈப்போ மீது குண்டுகள் விழத் தொடங்கின. படை ஈப்போவுக்குள் நுழைவதற்குச் சில நாள்கள் முன்பு, கார்த்திகேசு குடும்பம் பக்கத்திலுள்ள பப்பானுக்கு இடம் மாறியது.

பப்பான், ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த பழைய ஊர். ஒரே ஒரு பெரிய தெரு, இருபுறமும் கடைவீடுகள், பின்னால் காடும் மலையும். பெரும்பாலும் சீனர்கள். அந்தத் தெருவின் 74ஆம் எண் வீட்டில் சிபில் சிறிய கிளினிக் ஒன்றைத் தொடங்கினார். ஊர் மக்களுக்கு அவர் 'மிஸ்ஸி' ஆனார். இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தாதியை மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அதே சொல்தான்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து சிங்கப்பூரில் சூக் சிங் படுகொலை நடந்தது. பிரிட்டிஷார் இனிமேல் வந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை காணாமல் போனது. பேராக்கின் காடுகளில் மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை உருவானது. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இயங்கிய அந்தப் படையில் பெரும்பாலும் சீன இளைஞர்கள்.

காட்டில் காய்ச்சல் வரும், புண் வரும், துப்பாக்கிக் குண்டு பாயும். மருத்துவர் எங்கே? மலையடிவாரத்தில் மிஸ்ஸி இருக்கிறார். கேண்டனீஸ் பேசுகிறார். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

பகலில் ஊர் மக்கள், இருட்டிய பிறகு காட்டிலிருந்து வந்தவர்கள் என்று சிபிலின் நோயாளிகள் இரண்டு வகை ஆனார்கள். கணவரும் காயம்பட்ட போராளிகளுக்கு ரகசியமாகச் சிகிச்சை அளித்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் ஒளிந்திருந்த ஜோசஃபின்

அந்த வீட்டில் இன்னொரு ரகசியம் இருந்தது. சிற்றலை வானொலி.

ஜப்பானிய ஆட்சியில் வெளிநாட்டு வானொலியைக் கேட்பது உயிரைப் பறிக்கும் குற்றம். சிபில் குடும்பம் அதை ஒளித்து வைத்து லண்டன் பிபிசி செய்தியைக் கேட்டது. வானொலிக்கு அவர்கள் வைத்த பெயர் ஜோசஃபின். யாராவது காதில் விழுந்தாலும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

செய்தித் துறையில் வேலை செய்யும் எனக்கு இந்த இடம் எப்போதும் மனசைத் தொடும். இன்று கைப்பேசியை எடுத்தால் செய்தி. நமக்குப் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிடுகிறோம். அன்று ஒரு செய்தியைக் கேட்பதற்காக ஒரு குடும்பமே உயிரைப் பணயம் வைத்தது. ஏன்? ஜப்பான் எல்லா இடத்திலும் வெல்கிறது என்ற பிரசாரத்தைத்தான் ஊர் கேட்டுக்கொண்டிருந்தது. போர் இன்னும் முடியவில்லை என்ற ஒரு வரிச் செய்தி, காட்டில் இருந்தவர்களுக்கு மருந்தைவிடப் பெரியது.

பயமே இல்லாமலா இதையெல்லாம் செய்தார்?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

வீரர்கள் என்றால் பயப்படாதவர்கள் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சிபிலின் வாழ்க்கை அப்படி இல்லை. பயம் இருந்ததால்தான் வானொலியை ஒளித்தார். பயம் இருந்ததால்தான் அதற்கு வேறு பெயர் வைத்தார். பயம் இருந்ததால்தான் போராளிகள் இருட்டில் வந்து இருட்டில் போனார்கள். பயமே இல்லாதவர் முன்வாசலைத் திறந்து வைத்திருப்பார்!

அப்படியானால் அவருடைய சமய நம்பிக்கை என்ன செய்தது?

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஜெபமாலை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். மணிகளை ஒவ்வொன்றாக உருட்டி, மரியன்னையை நோக்கிச் சொல்லும் ஒரு சிறு ஜெபம் திரும்பத் திரும்ப வரும். வழக்கமான ஒரு ஜெபமாலையில் அது 53 முறை. அந்த ஜெபத்தின் கடைசிப் பகுதி என்ன கேட்கிறது தெரியுமா? இப்போதும், எங்கள் மரண வேளையிலும் எங்களுக்காக மன்றாட வேண்டும் என்பதே அதன் பொருள்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு கத்தோலிக்கக் குழந்தை, சாவு என்றால் என்னவென்று புரிவதற்கு முன்பே, தன் மரண வேளையைப் பற்றி ஒரு நாளைக்கு 53 முறை பேசுகிறது. அதை மறைத்து வைக்கவில்லை, அபசகுனம் என்று ஒதுக்கவும் இல்லை. வேண்டுதலின் நடுவில் வைத்திருக்கிறார்கள். சிபில் அந்த ஜெபத்தோடு வளர்ந்தவர்.

மரணத்துக்குப் பிறகும் வாழ்வு உண்டு, அங்கே இறைவன் காத்திருக்கிறார் என்பது கிறிஸ்துவ நம்பிக்கையின் மையம். புதிய ஏற்பாட்டில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம், மரண பயத்தை ஓர் அடிமைத்தனமாகப் பார்க்கிறது. சாவுக்குப் பயப்படுபவனை யார் வேண்டுமானாலும் ஆட்டி வைக்கலாம் இல்லையா? அந்தப் பிடியிலிருந்து மனிதரை விடுவிக்கவே இயேசு மரணத்தை ஏற்றார் என்பது அதன் கருத்து.

பப்பானில் அது வெறும் வேதபாடமாக இருக்கவில்லை. ஆட்சி முழுவதும் மரண பயத்தின் மீது கட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடு, இல்லையென்றால் சாவு. அந்த மிரட்டல் செல்லாத ஒரு மனிதர் கிடைத்துவிட்டால், அந்த இடத்தில் ஆட்சியின் அதிகாரம் நின்றுபோகும்.

கைது

1943இல் அது நடந்தது. முதலில் கணவர் கைதானார். பிறகு சிபில். மகன் வில்லியமும் தப்பவில்லை.

அவர்களைக் கையாண்டது கெம்பெய்தாய். ஜப்பானிய ராணுவத்தின் காவல் பிரிவு. பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கும். ஈப்போவில் சிபிலை விசாரித்தவர் யோஷிமுரா என்ற சார்ஜன்ட்.

அவருக்கு வேண்டியது பெயர்கள். காட்டிலிருந்து யார் வந்தார்கள், யார் அழைத்து வந்தார்கள், மருந்து எப்படிப் போனது, வானொலியை வேறு யார் கேட்டார்கள்.

அடுத்து நடந்தவற்றை விவரமாக எழுதத் தேவையில்லை. தடியடி, தண்ணீரால் மூச்சுத் திணற வைக்கும் சித்திரவதை, நகங்களைப் பிடுங்குவது என்று நாள் கணக்கில் நீண்டது. முதுகெலும்பில் பட்ட காயத்தால் பிறகு அவரால் நடக்க முடியாமல் போனது. தாடையிலும் பலத்த அடி.

சிபில் பெயர்களைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் தாம் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இருந்திருக்கலாம். தம் சாவுக்குப் பயந்து ஒரு பெயரைச் சொன்னால், அந்தச் சாவு அடுத்தவர் வீட்டுக்குப் போகும். அவருக்கு அந்த இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. நம்பிக்கை அவருடைய பயத்தை அழித்துவிடவில்லை. எதற்கு அதிகமாகப் பயப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது.

ஏழு வயது டான்

சொந்த உயிரைக் கொடுக்கத் துணிந்தவரிடம் எதைக் காட்டி மிரட்டுவது? யோஷிமுரா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

சிபிலின் கண் முன்னே டானைக் கொண்டுவந்தார்கள். வயது ஏறக்குறைய 7. குழந்தையை ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். தாய் பேசாவிட்டால் கயிறு இறங்கும்.

முதல் குழந்தையை 19 மணி நேரத்தில் இழந்தவர் சிபில் என்பதை இங்கே மறக்கக்கூடாது. 15 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த கடைக்குட்டி இவள். தன் உயிரைத் தர ஒருவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் உயிரைத் தர யாருக்கு உரிமை? எந்த வேத நூலும் இதற்குச் சுலபமான பதில் தருவதில்லை.

அந்த நொடியில் நடந்ததைச் சிபில் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். தைரியம் சொன்னது குழந்தைதான். எதையும் சொல்லிவிடாதே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்ட டான், இரண்டு பேரும் சேர்ந்தே இறந்துபோகலாம், இயேசு நமக்காகக் காத்திருப்பார் என்ற பொருளில் பேசியதாக அவர் பதிவு செய்கிறார்.

ஏழு வயசுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது? தினமும் வீட்டில் கேட்ட ஜெபத்திலிருந்து. அம்மா பயந்துகொண்டே கதவைத் திறந்ததைப் பார்த்ததிலிருந்து. நம்பிக்கையைப் பிள்ளைகள் பாடமாகப் படிப்பதில்லை, பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

டான் சாகவில்லை. அங்கே வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி தலையிட்டு அந்தக் கொடுமையை நிறுத்தினார். குழந்தை இறக்கிவிடப்பட்டாள். அந்தப் பக்கத்திலும் ஒரு மனிதர் மனிதராக இருந்தார் என்பதையும் இந்தக் கதை சொல்கிறது.

அந்த அதிகாரி வராமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லக்கூடாது என்றே நினைக்கிறேன். வெளியில் பத்திரமாக இருந்துகொண்டு ஒரு தாயின் முடிவுக்கு மதிப்பெண் போடுவது நம் வேலை இல்லை.

பயந்த இயேசு

கிறிஸ்துவர்கள் புனித வாரத்தில் ஒரு நிகழ்வை நினைவுகூர்வார்கள். இயேசு கைதாவதற்கு முந்திய இரவு. இடம், ஜெருசலேம் அருகே கெத்சமனித் தோட்டம்.

அந்த இரவில் இயேசு அமைதியாகப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நற்செய்தி நூல்கள் அவரை மனம் கலங்கியவராகவே காட்டுகின்றன. சாகும் அளவுக்குத் துயரம். வரப்போகும் துன்பம் தம்மை விட்டு நீங்கக்கூடாதா என்று வேண்டுகிறார். பிறகு, தம் விருப்பம் அல்ல, தந்தையின் விருப்பம் நடக்கட்டும் என்று எழுந்து போகிறார். நண்பர்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சாவுக்குப் பயப்படுவது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். கெத்சமனி அப்படிச் சொல்லவில்லை. கலங்கலாம். அழலாம். வேண்டாம் என்று கேட்கலாம். கேட்டுவிட்டு எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிபில் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! தாம் வணங்கும் கடவுளே பயத்தின் வழியாகப் போய் வந்தவர். அடி வாங்கியவர், கேள்வி கேட்கப்பட்டவர், தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்தவர். சிறையறையில் ஜெபிக்கும்போது, இந்த வேதனை புரியாத ஒருவரிடம் பேசுகிறோம் என்ற எண்ணம் வராது.

பத்து காஜா சிறை

விசாரணைக்குப் பின் சிபிலுக்கும் கணவருக்கும் மகனுக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. சிபில் பத்து காஜா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கும். போர் வீரர் லிம் போ செங் 1944 ஜூன் 29ஆம் தேதி உயிர்விட்டது அதே சிறையில்தான். 136ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த அவரும் கடைசி வரை தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிங்கப்பூரின் எஸ்பிளனேடில் அவருடைய நினைவுச்சின்னத்தைக் கடந்து போகும்போது, பேராக்கின் அந்தச் சிறையையும் அங்கே நடக்க முடியாமல் கிடந்த தாதியையும் சேர்த்து நினைக்கலாம்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. சிபில் உயிரோடு வெளியே வந்தார். கணவரும் வில்லியமும்கூட உயிரோடு வந்தார்கள். ஓல்காவும் டானும் காத்திருந்தார்கள். குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்தது.

சிபிலின் உடல்தான் பழையபடி சேரவில்லை.

பிரிட்டனில் கடைசி ஆண்டுகள்

மேல்சிகிச்சைக்காக அவரை விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நோயோடு போராடிக்கொண்டே தம் அனுபவங்களை எழுத ஆரம்பித்தார். அந்த நூல் அவருடைய மறைவுக்குப் பிறகு, 1954இல், 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் வெளிவந்தது. துளி இரக்கமும் இல்லை என்பது தலைப்பின் பொருள்.

வீரச் செயலுக்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1940இல் ஏற்படுத்திய விருது அது. பெரும்பாலும் போர்க்களத்துக்கு வெளியே துணிச்சல் காட்டியவர்களுக்குத் தரப்படுவது. யோஷிமுரா போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்றார்.

பதக்கம் கிடைத்த சில மாதங்களில், 1948 ஜூன் 12ஆம் தேதி, சிபில் பிரிட்டனில் காலமானார். வயது 48. சிறையில் தாடையில் பட்ட காயமே நாள்பட்ட கிருமித்தொற்றாகி உயிரைப் பறித்ததாகச் சொல்லப்படுகிறது.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடவுளை நம்பினார், அதனால் காப்பாற்றப்பட்டார் என்று முடியும் கதை இது இல்லை. நம்பினார், மூன்று ஆண்டுகளில் அந்தக் காயங்களாலேயே இறந்தார். அவருடைய நம்பிக்கை சாவு வராது என்ற நம்பிக்கையாக இருந்திருந்தால், அது பொய்த்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வந்தாலும் அது கடைசி வார்த்தை இல்லை என்பதே அவர் நம்பியது. அதை எந்தச் சிறையும் பொய்யாக்க முடியவில்லை.

வீடு திரும்பிய மிஸ்ஸி

முதலில் ஸ்காட்லாந்தின் லேனார்க்கில் அவரை அடக்கம் செய்தார்கள். 1949இல் உடல் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஈப்போவில் செயின்ட் மைக்கல் தேவாலயத்தின் அருகேயுள்ள கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் நல்லடக்கம் செய்யப்பட்டது.

அதற்குள் நாடு மாறியிருந்தது. சிபில் இறந்து நான்கே நாளில், 1948 ஜூன் 16ஆம் தேதி, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். உடனே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானியருக்கு எதிராகப் போராடிய அதே இயக்கம் இப்போது அரசாங்கத்தின் எதிரி. சிபில் மருந்திட்ட காயங்களுக்கு உரியவர்கள் பலர் மறுபடி காட்டுக்குள்.

அவர் உதவியது சரியான ஆள்களுக்கா என்ற கேள்வி இதனால் அவ்வப்போது எழுகிறது. சிபில் அரசியல் கட்சிக்காரர் இல்லை. தாதி. இருட்டில் கதவைத் தட்டியவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். அவருடைய சமயம் நோயாளியைக் கவனிக்கச் சொல்கிறது, அவனுடைய கட்சி அட்டையைக் கேட்கச் சொல்லவில்லை.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பப்பானின் 74ஆம் எண் கடைவீட்டை ஒரு பாரம்பரிய ஆர்வலர் நினைவில்லமாக ஆக்கியிருக்கிறார். பெரிய அருங்காட்சியகம் மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். அமைதியான பழைய தெரு, பல வீடுகள் பாழடைந்து கிடக்கும். அந்தத் தெருவில்தான் ஜோசஃபின் மெல்லிய குரலில் லண்டன் செய்தி வாசித்தாள்.

அங்கே நின்று பார்த்தால் ஒன்று புரியும். இது போர்க்களம் இல்லை, வீடு. சமையல் நடந்த, பிள்ளைகள் விளையாடிய, இரவில் குடும்பமாக ஜெபம் சொன்ன சாதாரண வீடு.

மரண பயம் நமக்கும் இருக்கு. கிருமித்தொற்றுக் காலத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைப் பார்த்து நடுங்கினோமே, மறந்துவிடவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் இப்போதும் அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி நேரத்தில் வீட்டிலிருந்து கைப்பேசி அழைப்பு வந்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

சிபிலின் கதை அந்தப் படபடப்பை நிறுத்தாது. நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், எந்தச் சமயத்தையும் சேராதவராக இருந்தாலும், அது ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கும்: சாவைவிட நாம் அதிகமாகப் பயப்படுவது எதற்கு?

பப்பான் மிஸ்ஸிக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. தன்னை நம்பி இருட்டில் வந்தவரைக் கைவிடுவதற்கு. அதனால், யாராவது தட்டினால், உள்ளுக்குள் நடுங்கினாலும் கதவைத் திறந்தார்.